அறுபத்தொன்று

கோட்டு வாங்கி மாட்டுகிற வேலை எனக்கு.
இருபத்தெட்டு வருஷம்.
ஆட்டத்தை ஒருநாளும் முழுசாகப் பார்த்ததில்லை.
கதவு திறந்து மூடுவதற்குள்
எவ்வளவு தெரியுமோ அவ்வளவு:
ஒரு தோள், ஒரு தங்கப்பல், மேலே உயர்ந்த ஒரு கை.
மிச்சத்தைச் சுவர் சொல்லும்.
தாளம் ஏறினால்
ஆணிகளில் தொங்கும் கோட்டெல்லாம்
ஆளில்லாமலே லேசாக ஆடும்.

கேரி நகரம், பிராட்வே, லாவெண்டர் ரூம்.
பெயர்தான் லாவெண்டர். உள்ளே
வறுத்த மீனும் ஹேர் ஸ்ப்ரேயும் மணக்கும்.
ஏரிக்காற்று எலும்பை எண்ணுகிற ஜனவரியில்
வெள்ளிக்கிழமைச் சம்பளத்தோடு வருவார்கள்,
எஃகு ஆலையில் இரண்டாம் ஷிப்ட் முடித்து,
தேய்த்துக் குளித்து,
காதுமடலில் மட்டும் கொஞ்சம் கரியை மறந்து.

கோட்டுக்குக் கனம் உண்டு.
துணியின் கனத்தைச் சொல்லவில்லை.
ஆலையில் எல்லோரும் ‘ஏய்’ என்று கூப்பிடுகிற ரோஸெல்
அதைக் கழற்றி என் கையில் தந்த மறுநொடி
மிஸ்டர் டிப்டன்.
ஆஸ்பத்திரியில் மலச்சட்டி அள்ளும் வெர்னெல்
செருப்பு மாற்ற என் தோளைப் பிடித்துக்கொள்வாள்.
ஒற்றைக்காலில் நின்றபடி,
“ஒஸெல்லா, யாராவது தேடினா நான் ஊர்ல இல்லை.”
“எங்கே போயிருக்கே?”
“இதோ, உள்ளேதான்.”

வியாழக்கிழமைகளில்
இரண்டு கோட்டையும் ஒரே ஆணியில் மாட்டச் சொல்லும்
இரண்டு ஆண்கள்.
ஞாயிறு அதே இருவரும்
சர்ச்சில் ஏழு வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பார்கள்.
விசிறியால் முகத்தை மறைத்துக்கொள்வேன்,
நான் பார்த்ததை அவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று.

வாக்காளர் படிவத்தை
பார் மேஜையின் ஈரத்தைத் துடைத்துவிட்டு நிரப்பினோம்.
உலை வாய் வெடித்து லூஷஸ் போனபோது
அவன் தொப்பியைத்தான் சுற்றி அனுப்பினோம்;
நிறைந்தது, கொட்டினோம், மறுபடி அனுப்பினோம்.
இசைத்தட்டு வைக்கிறவன் பாட்டை நிறுத்தவேயில்லை.
நிறுத்தியிருந்தால் அழுகை கேட்டிருக்கும்.

எப்போது மூடியது என்று கேட்கிறார்கள்.
நரை எந்தத் தேதியில் வந்ததென்று யார் சொல்ல முடியும்?
ஆலையில் ஒரு உலையை அணைத்தார்கள்.
என் ஆணிகள் காலியாகத் தொடங்கியது அந்த மாசம்,
நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.
காப்பீட்டுக்காரன் தெருப்பெயரைக் கேட்டதுமே
தொகையை மூன்று மடங்காக்கினான்.
சிகாகோவின் பெரிய கிளப்புகள்
எங்களுக்கும் கதவு திறந்தன.
திறந்தன என்றால்,
ஷூவைப் பார்த்து, தொப்பியைப் பார்த்து,
அப்புறம் எங்களைப் பார்த்து.
இளசுகள் அங்கே போனார்கள். குறை சொல்லமாட்டேன்,
நானும் ஒருமுறை போனேன்.
கோட்டு வாங்கிய பெண் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.
பாவம், எத்தனை கோட்டோ அவளுக்கு.

கடைசியில்,
சத்தம் அதிகமென்று புகார் கொடுக்கக்கூட
பக்கத்தில் குடித்தனம் இல்லாமல் போனது.

மூடிய இரவு ஆறு பேர் வந்தார்கள்.
அதில் இருவர் குளிருக்கு ஒதுங்கியவர்கள்.
காலியாகத் தெரியக் கூடாதென்று
ஆறு கோட்டையும் தள்ளித் தள்ளி மாட்டினேன்,
மூன்று, பதினேழு, நாற்பது, இப்படி.
விளக்கணைக்கப் போகையில் பார்க்கிறேன்,
ஆறு பேரும் போய்விட்டார்கள்,
அறுபத்தொன்றில் ஒரு கோட்டு.
பையில் பஸ் டிக்கெட், ஒற்றைக் கம்மல்,
கடித்து வைத்த பெப்பர்மின்ட் பாதி.

வெளியே முழங்கால் அளவு பனி.
யாரோ ஆடிய சூட்டில்
வெறும் சட்டையோடு நடந்து போயிருக்கிறார்.

இடித்தபின் அங்கே புல்.
உருண்டைக் கண்ணாடி விளக்கு ஏலத்தில் போனதாகக் கேள்வி.
கோட்டு என் வீட்டில் இருக்கிறது.
பித்தளை வில்லையைக் கொண்டுவந்தால் தருவேன்.
வில்லை தொலைந்துபோனாலும் பரவாயில்லை,
என் முன்னால் ஒரு நிமிஷம் ஆடிக்காட்டினால் போதும்.

பூச்சி அரிக்காமல் உருண்டை போட்டிருக்கிறேன்.
வாசனை போக
ஜூனில் ஒருநாள் வெயிலில் காயவைப்பேன்.